பாட்டு சிடிக்களைக் கோப்பாக மாற்ற: ஃபிளாக்கா, எம்பி3யா?

வீட்டிலுள்ள சிடிக்களைக் கணினிக்கு மாற்றி எந்த அறையிலும் கேட்க நினைப்பவர், முதலில் முடிவு செய்ய வேண்டியது கோப்பின் வடிவத்தைத்தான். சிடியில் ஒலி நொடிக்கு 44,100 மாதிரிகளாக, 16 பிட் அளவில், இரு தடங்களில் பதிவாகியிருக்கிறது. ஃபிளாக் (FLAC) என்ற கோப்பு வடிவம் அதில் ஒரு பிட்டையும் இழக்காமல் சுருக்குவதால், ஒரு மணி நேர இசை பெரும்பாலும் 300 முதல் 400 எம்பிக்குள் அடங்கும். காதுக்கு எட்டாது என்று கணிக்கும் பகுதிகளை எம்பி3 நீக்கிவிடுவதால், நொடிக்கு 320 கிலோபிட் வேகத்தில் அதே இசைக்கு 144 எம்பி போதும்.

கேட்கும்போது இவ்விரண்டுக்கும் வேறுபாடு காண்பது பெரும்பாலோருக்குக் கடினம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் ஒவ்வொரு தட்டாகத் துடைத்து, கீறல் விழுந்த இடத்தை டிரைவ் திரும்பத் திரும்பப் படிக்கும்வரை காத்திருந்து செய்யும் இந்த வேலையை யாரும் இரண்டாம் முறை செய்ய விரும்பமாட்டார்கள். ஃபிளாக்கிலிருந்து நாளை எந்த வடிவத்துக்கும் மாறலாம். எம்பி3யிலிருந்து மாறினாலோ இழப்பின்மேல் இழப்பு சேரும். மேலும், மூல ஒலியின் எம்டி5 சரிபார்ப்பு எண் ஃபிளாக் கோப்பிலேயே பதிந்திருப்பதால், பல ஆண்டுகள் கழித்தும் அது பழுதடைந்துள்ளதா என்று சோதிக்க முடியும். இடைவெளியின்றித் தொடரும் மேடைக் கச்சேரிப் பதிவுகளில், எம்பி3 ஒவ்வொரு பாட்டுக் கோப்பின் முனைகளிலும் சேர்க்கும் சிறு மௌனம், அதை நீக்கத் தெரியாத பிளேயர்களில் கைதட்டலை நடுவே அறுத்துவிடுகிறது.

காரிலும் பழைய கருவிகளிலும் எம்பி3தான் தடையின்றி ஓடும். அதற்காகச் சேமிப்பையே எம்பி3 ஆக்க வேண்டியதில்லை. வீட்டுக் கணினியிலுள்ள இசையை மற்ற கருவிகளுக்கு அனுப்பும் நாவிட்ரோம் போன்ற சர்வர் மென்பொருள்கள், ஃபிளாக்கை நாம் கேட்கும் நேரத்திலேயே எம்பி3 ஆக மாற்றி அனுப்புகின்றன.