அந்தமானா, சிங்கராஜாவா? தீவுக் காட்டில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு

சென்னையில் இருந்துகொண்டு, வெப்பமண்டலத் தீவுக் காடு ஒன்றில் வழிகாட்டியோடு பறவை பார்க்க ஆசைப்படுகிறவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று தெற்கு அந்தமான். இன்னொன்று இலங்கையின் தென்மேற்கில் இருக்கும் மழைக்காடுகள், குறிப்பாகச் சிங்கராஜா. இரண்டுக்கும் போய்ப் பார்த்தாயிற்று. மறுபடி எங்கே போவது என்று வந்தபோது அந்தமானுக்கே பணம் கட்டினேன். பறவைப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் இது விநோதமான முடிவாகத் தெரியும். ஆகவே காரணத்தை விளக்கியாக வேண்டும்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். இலங்கைக்குப் பாஸ்போர்ட்டும் இணையவழி அனுமதியும் வேண்டும். அந்தமானுக்கு நமக்கு ஆதார் போதும். கொழும்பு ஒன்றரை மணி நேரப் பயணம், போர்ட் பிளேர் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. (2024 செப்டம்பரிலிருந்து ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். ஆட்டோக்காரர் முதல் வழிகாட்டி வரை நான் பேசிய எல்லோரும் போர்ட் பிளேர் என்றே சொல்கிறார்கள்.) டிசம்பர், ஜனவரி விடுமுறையில் அந்தமான் விமானக் கட்டணம் சில நாள் கொழும்பையும் தாண்டிவிடும், எனவே "உள்நாடு, செலவு குறைவு" என்ற கணக்கு எப்போதும் சரிவராது. சாப்பாட்டில் இரண்டு இடத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. போர்ட் பிளேரில் தமிழே போதும். சிங்கராஜா பக்கம் சிங்களமும் ஆங்கிலமும்தான், நுவரெலியா ஏறிவிட்டால் மறுபடி தமிழ்.

இப்போது பறவைகள். இலங்கையில் மட்டுமே வாழும் பறவையினங்கள் சுமார் 34. அவற்றில் பெரும்பாலானவை ஈரவலயக் காடுகளையும் மலைநாட்டையும் நம்பியிருப்பவை. அந்தமானுக்கே உரிய பறவைகள் இருபது சொச்சம். எதைத் தனி இனம் என்பது, எதைக் கிளையினம் என்பது என்பதைப் பொறுத்துப் பட்டியலுக்குப் பட்டியல் எண்ணிக்கை மாறும். நார்கொண்டம் இருவாச்சி தன் பெயர் கொண்ட அந்தச் சின்னஞ்சிறு எரிமலைத் தீவில் மட்டுமே இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அங்கே போக முடியாது, அதை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடலாம். நிக்கோபார் பறவைகளும் அப்படியே. ஆக எண்ணிக்கையில் இலங்கைதான் முன்னால் நிற்கிறது, அதுவும் நல்ல இடைவெளியில்.

வழிகாட்டிகளிலும் இலங்கையே மேல் என்று தயங்காமல் சொல்வேன். சிங்கராஜாவுக்குள் நுழைய வனத்துறை வழிகாட்டி ஒருவர் கட்டாயம். அவர் பெரும்பாலும் குடவா போன்ற காட்டோரக் கிராமத்து ஆள். அவரைத் தவிர, நாடு முழுக்க நம்மோடு வருகிற பறவை வழிகாட்டி தனி. இந்த இருவரும் சேர்ந்து வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். காட்டோரத்துக்காரருக்கு இரவுப் பறவையான தவளைவாயனின் எந்த இணை இன்றைக்கு எந்தப் புதரில் பகல் தூக்கம் போடுகிறது என்று தெரியும். அவர் விரல் காட்டிய இடத்தில் எனக்குக் காய்ந்த இலைகள்தான் தெரிந்தன. பைனாகுலரை வைத்தபின் இரண்டு இலைகளுக்குக் கண் முளைத்தது. செரண்டிப் ஆந்தையின் கதையும் இந்த மண்ணின் காது எவ்வளவு கூர்மை என்பதற்குச் சாட்சி. 1995-இல் பறவையியலாளர் தீபால் வரகாகொட கித்துள்கல காட்டில் அடையாளம் தெரியாத ஒரு குரலைக் கேட்டார். 2001-இல் சிங்கராஜாவில் பறவையைக் கண்ணால் பார்த்தார். 2004-இல் அது புதிய இனமாக அறிவியலுக்கு அறிமுகமானது. ஆறு வருடம் ஒரே குரலின் பின்னால் போயிருக்கிறார் மனிதர்.

அப்புறம் சிங்கராஜாவில் பல இனப் பறவைகள் ஒன்றாகத் திரியும் கலப்புக் கூட்டங்கள். பத்து நிமிடம் காட்டில் ஒரு சத்தமும் இருக்காது. திடீரென்று செம்மஞ்சள் அலகுச் சிலம்பன்களின் சளசளப்பு கேட்கும், கூடவே கொண்டைக் கரிச்சான் காவல்காரன் மாதிரி முன்னே வந்து உட்காரும். அவ்வளவுதான். சிரிப்பான், செம்முகப் பூங்குயில், தீக்காக்கை, குக்குறுவான் என்று அடிமரம் முதல் உச்சிக்கிளை வரை ஒரே பரபரப்பு. 1980-களின் தொடக்கத்திலிருந்து ஆய்வாளர்கள் இந்தக் கூட்டங்களைக் கவனித்து எழுதி வருகிறார்கள். வழிகாட்டி இல்லாமல் நான் அங்கே நின்றிருந்தால் பாதிக்கு மேல் கோட்டை விட்டிருப்பேன். அந்தமானில் இப்படி ஒரு காட்சியை நான் பார்க்கவில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் அந்தமான்? மழைதான் காரணம். சரியாகச் சொன்னால், மழை கெடுத்த காலைப்பொழுதை மறுபடி எடுத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வி.

சிங்கராஜாவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஜனவரி, பிப்ரவரிதான் அங்கே நல்ல பருவம் என்பார்கள். அந்த மாதங்களிலும் மதியத்துக்கு மேல் வானம் இருட்டுவது சாதாரணம், சில நாள் காலையிலேயே ஆரம்பித்துவிடும். மழை பெய்தால் மழைக்காட்டில் பறவை பார்க்க முடியாது, அட்டைகளுக்குத்தான் கொண்டாட்டம். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. சிக்கல், இலங்கைப் பயணத்திட்டத்தின் அமைப்பில் இருக்கிறது. அந்த முப்பத்துச் சொச்சம் பறவைகள் ஒரே காட்டில் இல்லை. கித்துள்கல, சிங்கராஜா, நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி, கூடவே யானை பார்க்கிற ஆசையில் யாலவோ உடவளவையோ. ஒவ்வொன்றுக்கும் ஓரிரு இரவு, நடுவில் வளைந்து வளைந்து போகும் சாலையில் பாதி நாள். எல்லா அறைகளும் முன்கூட்டியே பேசி வைத்தவை. ஒரு காலை போனால் போனதுதான், மறுநாள் நீங்கள் வேறு காட்டில், வேறு உயரத்தில் இருப்பீர்கள்.

எங்களுக்கு நடந்தது அதுதான். பச்சை அலகுச் செம்போத்துக்காக ஒதுக்கிய காலையை மழை விழுங்கியது. அடர்ந்த மூங்கில் புதருக்குள்ளேயே நகரும் பறவை அது, தெளிவாகப் பார்க்க நேரமும் பொறுமையும் வேண்டும். மழை விட்டு, பெட்டிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது சரிவின் கீழிருந்து அதன் ஆழமான குரல் வந்தது. வழிகாட்டி கடிகாரத்தைப் பார்த்தார், ஓட்டுநர் வழிகாட்டியைப் பார்த்தார். நுவரெலியா போய்ச் சேர இருட்டிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வேன் கிளம்பியது.

தெற்கு அந்தமானில் ஒரே அறை. போர்ட் பிளேரில் பெட்டியைத் திறந்தால் ஊருக்குக் கிளம்பும்போதுதான் மூட வேண்டும். சிடியாடாப்புக் காடு ஒரு மணி நேரத்துக்குள். வண்டூர் பக்கமும் அப்படித்தான். மவுண்ட் ஹாரியட்டுக்கு (இப்போது மவுண்ட் மணிப்பூர்) சாத்தம் துறையிலிருந்து பாம்பூஃபிளாட்டுக்கு வாகனப் படகு. சிப்பிகாட், ஓக்ராபராஜ் சதுப்புகள் போகிற வழியிலேயே இருக்கின்றன. 2004 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலமட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கியது. கடல்நீர் புகுந்த வயல்கள் வயலாகத் திரும்பவே இல்லை. இன்று அங்கே கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட அந்தமான் கிளுவை வாத்துகள் மேய்கின்றன. பட்டுப்போன மரங்கள் தண்ணீருக்குள் இன்னும் நிற்கின்றன. பறவைக்காரர்களுக்கு வாய்த்தது விவசாயிகள் இழந்தது என்பதை வழிகாட்டியே சொன்னார், அவர் குடும்பத்துக்கும் அங்கே நிலம் இருந்ததாம்.

எல்லாம் ஒரே வட்டத்துக்குள் இருப்பதால் திட்டத்தை அன்றன்று இரவுச் சாப்பாட்டின்போது மாற்றலாம். அந்தமான் கானாங்கோழிக்காக ஒரு மாலை காட்டு ஓடை ஓரம் காத்திருந்தோம், பருவம் தப்பிய மழை வந்து கெடுத்தது. "விடுங்க சார், காலையில திரும்ப வருவோம்" என்றார் வழிகாட்டி. மறுநாள் போகவேண்டிய இடத்தை மாலைக்குத் தள்ளிவிட்டு, விடியும் முன் அதே ஓடை. முதலில் ஈர இலைகளை யாரோ புரட்டுகிற மாதிரி சத்தம். பிறகு செங்கபில நிறத்தில் ஒரு தலை, ஆப்பிள் பச்சையில் அலகு. வயிற்றில் கறுப்பு வெள்ளைக் கோடுகள். வெளிச்சத்துக்கு வந்து மூன்று எட்டு வைத்து, ஒரு புழுவை இழுத்து, திரும்ப உள்ளே போய்விட்டது. இலங்கையில் போல மாற்ற முடியாத திட்டமாக இருந்திருந்தால் இந்தப் பறவை எனக்குக் கிடைத்திருக்காது.

வானிலையும் கூட ஒத்துழைக்கிறது. அந்தமானுக்கும் வருட மழை 3,000 மில்லிமீட்டர் அளவுதான், ஆனால் பெரும்பகுதி மே முதல் டிசம்பருக்குள் கொட்டி முடித்துவிடும். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை பெரும்பாலும் வறண்ட நாட்கள். ஆக மழையில் காலைப்பொழுது போவதே அபூர்வம், போனாலும் திரும்பப் பிடித்துவிடலாம்.

இன்னொரு விஷயம் ஆந்தைகள். அந்தமானில் மட்டுமே வாழும் பறவைகளில் கணிசமானவை இரவாடிகள்: சின்ன ஆந்தை, இரண்டு வகை வேட்டைக்கார ஆந்தைகள், கூகை, பக்கி. அந்தமான் கிழக்கே வெகு தொலைவில் இருந்தும் கடிகாரம் இந்திய நேரத்தில்தான் ஓடுகிறது. குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். சூரியன் மறைவதைப் பார்க்க வந்த கூட்டம் சிடியாடாப்புவிலிருந்து வண்டியேறிப் போனதும் சாலை முழுக்க நமக்குத்தான். ஆறு மணிக்கு ஆரம்பித்தால் எட்டரைக்குள் முடித்துவிட்டு ஒழுங்காகச் சாப்பிட்டுப் படுக்கலாம். வேறெங்கும் இரவுப் பறவை பார்ப்பது என்றால் தூக்கத்தை விற்று வாங்குகிற சமாச்சாரம்.

ஒன்று மட்டும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். இரவில் குரலைப் பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு ஆந்தையை வரவழைக்கும் வழக்கம் சில வழிகாட்டிகளிடம் உண்டு. ஒரே இணையை ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு இரவும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால் அது எப்போது இரை தேடும்? எங்கள் வழிகாட்டி ஒருமுறை, சில நொடி, அவ்வளவோடு நிறுத்தினார். டார்ச்சையும் நேராகக் கண்ணில் அடிக்கவில்லை. அப்படிப்பட்டவராகப் பார்த்துப் பிடியுங்கள். அங்கே நல்ல வழிகாட்டிகள் கொஞ்சம் பேர்தான், பருவத்தில் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடுகிறார்கள். இலங்கையில் ஒருவர் கிடைக்காவிட்டால் இன்னொருவர் கிடைப்பார், இங்கே அந்த வசதி குறைவு.

எனக்கு அனுபவம் போதாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். சிங்கராஜாவின் குடவா பக்கத்தைத்தான் பார்த்தேன். கிழக்கே மார்னிங் சைட், தெற்கே பிட்டதெனிய வாசல்களுக்குப் போனதில்லை. அங்கே தங்கிப் பார்த்தவர்களின் கருத்து வேறாக இருக்கலாம். அந்தமானிலும் வடக்கே மாயாபந்தர், டிக்லிப்பூர் வரை போகவில்லை. ஜிர்காடாங் சோதனைச்சாவடியோடு நிறுத்திக்கொண்டோம். அதற்கு அப்பால் ஜாரவா மக்களின் காப்பகம், வண்டிகள் வரிசையாக நிற்காமல் கடக்க வேண்டிய சாலை, பறவை பார்க்கிற இடமல்ல.

சரி, யார் இலங்கைக்குப் போகலாம்? பறவையில் ஆர்வமில்லாத கணவரோ மனைவியோ கூட வருவதென்றால் யோசிக்காமல் இலங்கை. தேயிலைத் தோட்டம், ரயில், கோயில், கடற்கரை என்று அவர்களுக்கும் பொழுது போகும். அந்தமானில் பறவை பார்க்காதவர் ஹேவ்லாக் தீவுக்குப் போக ஆசைப்படுவார், உங்கள் காலைகள் படகு அட்டவணைக்குள் கரைந்துவிடும். நுவரெலியாவின் விக்டோரியா பூங்காவில் குளிர்காலத்தில் நடைபாதையில் நின்றே ஆறுமணிக்குருவியையும் காஷ்மீர் ஈப்பிடிப்பானையும் பார்க்கலாம், அது ஒரு தனிச் சுகம். இந்தியாவுக்குள் பார்த்த பறவைகளின் பட்டியலை நிரப்புகிற ஆட்களுக்கு மட்டும் இந்தக் கேள்வியே கிடையாது, அவர்கள் இந்நேரம் போர்ட் பிளேருக்கு டிக்கெட் போட்டிருப்பார்கள்.

இலங்கைதான் என்று முடிவு செய்தால், ஏற்பாட்டாளர் அனுப்பும் திட்டத்தை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள். யாலவை எடுத்துவிடச் சொல்லுங்கள். சிறுத்தையை வேறொரு முறை பார்த்துக்கொள்ளலாம். அந்த இரவுகளைக் குடவாவில் சேர்த்து, குறைந்தது மூன்று முழுக் காலைகள் ஒரே காட்டில் கிடைக்கும்படி வாங்குங்கள். கட்டணம் அதிகம் மாறாது. மாற்ற முடியாது என்று சொல்கிறவரிடம் முன்பணம் கட்டாதீர்கள்.