ஓர் இரவுக் கெண்டைத் தூண்டிலுக்கு எது சரி: பாய்லியா, மக்காச்சோளமா?

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஏரிக்கரை. சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடாரத்தை மடித்தாக வேண்டும். கையில் இருப்பது பதினாறு மணி நேரம். லண்டனுக்கு மேற்கே, கட்டட வேலைக்காகச் சரளை தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் நிறைந்து உண்டான ஏரிகள் வரிசையாகக் கிடக்கின்றன. அதில் ஒன்றுக்குச் சந்தா கட்டி, மாதம் இரண்டு இரவு கெண்டைக்காக உட்காருகிறேன். மூன்று நாள் நான்கு நாள் என்று தங்குகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்த விடுப்பும் கிடையாது, வீட்டில் அந்த அனுமதியும் கிடையாது. ஆகவே கீழே எழுதுவது ஓர் இரவுக்காரனுக்கான கணக்கு மட்டுமே.

கூட வருகிற அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர், இந்தக் கரைகளில் எனக்கு மூத்தவர். அவர் பாய்லிக் கட்சி, அதாவது மாவு உருட்டி வேகவைத்த இரை; நான் மக்காச்சோளக் கட்சி. முதல் தடவை என் வாளியைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, உதென்ன கோழித்தீனியே கொண்டு வந்திருக்கிறீர்?" என்றார். மக்காச்சோளம் கோழித்தீனிதான், மறுக்கவில்லை. தீவனக் கடையில்தான் வாங்குகிறேன். அண்ணை இரண்டு கிலோ பாய்லிக்குக் கொடுக்கிற காசில் எனக்கு ஒரு மூட்டையே வந்துவிடும். ஆனால் விலையை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. பெட்ரோல், சந்தா, வீட்டில் கேட்ட பேச்சு எல்லாம் சேர்ந்தால் இரைச் செலவு சின்னதுதான்.

பாய்லி என்றால் என்ன என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது: பூரணம் இல்லாத கொழுக்கட்டை. மீன்தூள், சோயா மாவு, ரவை, பால்பொடி, ஏதாவது ஒரு மணச்சாறு. எல்லாவற்றையும் முட்டை விட்டுப் பிசைந்து, கோலிக்குண்டு அளவில் உருட்டி, கொதிநீரில் போட்டு எடுக்கிறார்கள். வெந்ததும் மேலே ஒரு தோல் கட்டும். பொடிமீன் கொத்திக் கரைக்க முடியாது, பெரிய வாய் மட்டும் முழுசாக விழுங்கும். அதற்காகத்தான் வேகவைப்பதே. 1970களில் ஃப்ரெட் வில்டன் என்ற ஆங்கிலேயர் இதற்கு ஒரு கொள்கையே வைத்திருந்தார்: சத்துள்ள இரையைத் தொடர்ந்து போட்டு வந்தால், கெண்டை அதை நல்ல உணவு என்று உடம்பால் உணர்ந்து தேடி வரும் என்பது. 'தொடர்ந்து' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதற்குத் திரும்ப வருகிறேன்.

நாங்கள் ஊரில் கட்லாவுக்குப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்து உருட்டியதற்கும் இதற்கும் யோசனையில் பெரிய தூரம் இல்லை. எங்கள் உருண்டை அரை மணியில் கரைந்துவிடும், அதுவே அதன் வேலை. பாய்லி விடியும்வரை கரையாமல் கிடக்கும், அதுவே இதன் வேலை. சொல்லப்போனால் மீனும் அந்நியமில்லை. இங்கே நான் காத்திருக்கிற அதே கண்ணாடிக் கெண்டை 1939இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுபோய் விடப்பட்டது. அண்ணையிடம் இதைச் சொன்ன நாள் முதல் ஊட்டி மீனெல்லாம் தங்கள் மீன் என்று உரிமை கொண்டாடுகிறார்.

மக்காச்சோளத்துக்கு வேலை கூடுதல். காய்ந்த மணியை ஒரு முழு நாள் ஊறவைத்து, பிறகு அரை மணி நேரமாவது கொதிக்கவிட வேண்டும். இதில் சோம்பல் கூடாது. ஊறாத மணியை மீன் தின்றால் அது வயிற்றுக்குள் போய் ஊதும். சில ஏரிகள் தானியத்தையே தடை செய்திருப்பதற்கு இப்படி அரைவேக்காட்டில் கொட்டியவர்கள்தான் காரணம். வெந்ததை அதே தண்ணீரில் மூடி வைத்தால் இரண்டாம் நாள் குழகுழவென்று, புளித்த மாவு வாசத்தோடு இருக்கும். ஒருமுறை வேலை வந்து இரவுத் தங்கல் ரத்தாகி, வாளி நான்கு நாள் கார் டிக்கியிலேயே கிடந்தது. காரை ஒரு வாரம் யாரும் தொடவில்லை. ஆனால் அந்தச் சோளத்தைப் போல வேலை செய்த சோளத்தை நான் பார்த்ததில்லை.

இனி தண்ணீருக்குள்.

கெண்டைக்கு வாயில் பல் இல்லை, தொண்டையில்தான் அரைவைப் பற்கள். தரையோடு வாயை வைத்து உறிஞ்சும், பிடிக்காததை ஊதித் துப்பும். இந்தத் துப்பலை ஏமாற்றத்தான் 'முடி முடிச்சு' வந்தது. இரையை முள்ளில் குத்தாமல், முள்ளுக்குக் கீழே மெல்லிய நூலில் தொங்கவிடுவது. 1980 வாக்கில் லென்னி மிடில்டனும் கெவின் மேடக்ஸும் செய்து பார்த்தது. முதலில் நிஜத் தலைமுடியிலேயே கட்டினார்கள், பெயர் அப்படியே நின்றுவிட்டது. கூடவே மூன்று அவுன்ஸ், அதாவது சுமார் 85 கிராம் ஈயக்குண்டு. மீன் இரையை உறிஞ்சி நகரும்போது ஈயத்தின் கனம் இழுத்து, முள் தானாக உதட்டில் ஏறும். நாம் தூங்கலாம், தங்கூஸ் இழுபட்டால் தூண்டில் அலாரம் எழுப்பும்.

மீன் நகர வேண்டும் என்பதுதான் இங்கே சூட்சுமம். பாய்லியை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டால் கெண்டை ஒன்றைத் தின்று அடுத்ததைத் தேடி நகரும். அந்த நகர்விலேயே தங்கூஸ் விறைக்கும், முள் ஏறும். சோளமோ ஹெம்ப் எனப்படும் சணல் விதையோ கம்பளம் விரித்த மாதிரி கிடந்தால் மீன் தலையைக் கவிழ்த்து நின்ற இடத்திலேயே மேயும். ஒரு மணி நேரம் கூட நிற்கும். நமக்கு வேண்டியது இதுதான், ஏரியில் ஊர்ந்துபோகிற கூட்டத்தை நம் முள்ளருகே நிறுத்தி வைப்பது. ஆனால் நகராமல் மேய்கிற மீன், முள்ளோடு சேர்த்து உறிஞ்சியதை நிதானமாகத் துப்பவும் செய்யும். சின்ன மணி ருசியில் லயித்துவிட்டால் பக்கத்தில் கிடக்கிற பெரிய இரையைச் சட்டை செய்யாது. ஆக, நிறுத்துவதில் சோளம், மாட்டுவதில் பாய்லி.

அண்ணை இந்த இடத்தில் வரலாற்றைக் கேட்கக் கூடாது என்பார். ஏனென்றால் வரலாறு என் பக்கம். ஹெரஃபோர்ட்ஷயரில் ரெட்மைர் என்று ஒரு சிறு குளம். 1952 செப்டம்பரில் ஓர் இரவு ரிச்சர்ட் வாக்கர் அங்கே 44 பவுண்டு கெண்டை பிடித்தார், அன்றைய பிரிட்டன் சாதனை. இரை ரொட்டி. அந்த மீனை லண்டன் விலங்குக் காட்சிசாலைத் தொட்டியில் விட்டு, மக்கள் வருடக்கணக்கில் வேடிக்கை பார்த்தார்கள். அதே குளத்தில் 1980 ஜூனில் கிறிஸ் யேட்ஸ் ஐம்பத்தொன்றரை பவுண்டில் அந்தச் சாதனையை உடைத்தார். இரை இனிப்புச் சோளம். இரண்டுமே மளிகைக்கடைச் சாமான். ஆனால் நியாயமாகச் சொன்னால் இது சாட்சியம் ஆகாது. ரெட்மைர் மீன்கள் பார்த்த தூண்டில் எத்தனை? என் ஏரியில் வாரம் ஏழு நாளும் ஆள் உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கத்திய கெண்டை பத்து வருடமாகப் பாய்லி தின்று வளர்ந்தது. அதற்கு அது அந்நிய உணவே அல்ல, அன்றாடச் சோறு.

அங்கேதான் 'தொடர்ந்து' என்ற சொல் திரும்ப வருகிறது. பாய்லியின் உண்மையான பலம் ஓர் இரவில் தெரிவதில்லை. வாரம் இருமுறை போய், அதே இடத்தில், அதே உருண்டையை இரண்டு மாதம் போட்டு வந்தால், மூன்றாம் மாதம் அந்த இடம் உங்கள் சொத்து. ஏரியிலிருந்து பத்து நிமிட நடையில் குடியிருக்கிறவருக்கு அது சரி. ஐம்பது நிமிடம் காரோட்டி மாதம் இருமுறை வருகிற நான் விலையுயர்ந்த உருண்டையை வீசினால், அதன் பலனை அடுத்த வாரம் வருகிற எவரோ அறுவடை செய்வார். நட்டது நான், பறிப்பது அவர். சோளத்துக்கு இந்தக் கடன்பாடு இல்லை. கண்ணில் பளிச்சென்று மஞ்சளாகத் தெரியும், வாசம் உடனே பரவும், இன்று போட்டு இன்று மேயும். ஓர் இரவுக்காரன் சோளத்தின் பக்கம் சாய வேண்டும் என்று நான் சொல்வதற்குப் பெரிய காரணம் இதுதான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகு.

ஆனால் இரவு என்று ஒன்று இருக்கிறதே. பகலில் அரை மணிக்கு ஒருமுறை இழுத்துப் பார்த்து இரையை மாற்றலாம். இரவு பதினொன்றுக்குப் போட்டதை விடியற்காலை நான்கு மணிவரை தொடக்கூடாது, தொடவும் மனம் வராது. அந்த ஐந்து மணி நேரமும் முள்ளருகே இரை இருக்கிறது என்ற நம்பிக்கை வேண்டும். சோளமணி மூன்றைக் கோத்துவிட்டுப் படுத்த இரவுகளில் பாதி, ப்ரீம் என்கிற தட்டை மீனுக்குத்தான் போயின. ஒரு ஆகஸ்ட் இரவில் நான்கு முறை அலாரம், நான்கும் ப்ரீம். வலை, பாய், சட்டை எல்லாம் வழவழ கோழை. ஐந்தாம் முறை அலாரம் அடித்தபோது நான் எழவேயில்லை. ஐந்தாவது கெண்டையாக இருந்திருக்கும் என்று அண்ணை இன்றும் சொல்லிக் காட்டுகிறார். ப்ரீம் இல்லாத ஏரியில் சிக்னல் நண்டு. நண்டு என்று இங்கே எல்லோரும் சொன்னாலும் அது நன்னீர்ச் சிங்கிறால் வகை. அமெரிக்க இனமான இதை 1970களில் பண்ணைக்கென்று கொண்டுவந்தார்கள், அது தப்பி, இப்போது ஊரெங்கும் பரவிவிட்டது. மெத்தென்ற பாய்லியையும் விடாது, விடிந்து பார்த்தால் வெறும் முள்தான் இருக்கும். நண்டுள்ள ஏரி என்றால் அண்ணை பாய்லியை இரண்டு நாள் திறந்த கூடையில் காயவைத்துக் கல்லாக்கிக் கொண்டு வருவார்.

எனக்குக் கைகொடுத்தது வேறொன்று: டைகர் நட். பெயரில்தான் கொட்டை, உண்மையில் கிழங்கு, நம் வயல் வரப்பில் பிடுங்கியெறிகிற கோரையின் நெருங்கிய உறவு. ஒரு நாள் ஊற, அரை மணிக்கு மேல் வேக, அப்படியும் நறுக்கென்று இருக்கும். ப்ரீம் பெரும்பாலும் விட்டுவிடும், நண்டுக்கும் எளிதில் உடையாது, கெண்டைக்கு உயிர். ஆனால் நிறையப் போடக்கூடாது. ஒரு கைப்பிடி போதும். ஏரி விதியையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். கொட்டை என்று எழுதிய எல்லாவற்றையும் தடுத்திருக்கிற இடங்கள் உண்டு, கிழங்கு என்று அங்கே வாதாடிப் பயனில்லை.

போடுகிற விதத்திலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சோளத்தைத் தூரத்தில் போட ராக்கெட் போன்ற டப்பாவில் நிரப்பி எறிய வேண்டும். ஒவ்வொன்றும் விழுகிற சத்தம் பானையைக் கிணற்றில் போட்ட மாதிரி. அமைதியான ஏரியில் இருட்டிய பிறகு அதைச் செய்தால் மீன் போகிறதோ இல்லையோ, அக்கரையில் படுத்திருப்பவர் டார்ச்சோடு வருவார். ஆகவே சோளக்காரன் ஏழு மணிக்குள் பத்துப் பன்னிரண்டு டப்பா எறிந்து முடித்துவிட்டுக் கையைக் கட்டி உட்கார வேண்டும். நடு இரவில் ஒரு மீன் வந்து சோள விரிப்பு கலைந்துபோனால் திரும்பப் போட வழியில்லை. பாய்லிக்காரர் கவணில் பதினைந்து உருண்டையைப் பொலபொலவென்று தூவிவிட்டுப் படுப்பார். இது பாய்லிக்குச் சுத்தமான வெற்றி. இரையை நிரப்பி முள்ளோடு கட்டி எறிகிற, நீரில் கரையும் பையிலும் அப்படியே. ஈரச் சோளத்தைப் பையில் போட்டால் பை கையிலேயே கரையும். உப்பை அள்ளிப் போட்டால் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான்.

ஜூனில் இந்தக் கணக்கு இன்னும் மாறும். ஒன்பதரைக்குத்தான் பொழுது சாயும், ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். இருட்டே குறைவு என்பதால் திரும்பப் போட முடியாத நேரமும் குறைவு. ஜூன், ஜூலையில் நான் பாய்லி வாளியைத் தொடுவதே இல்லை. செப்டம்பரில் இருட்டு நீள நீள, மீனும் குளிருக்கு முன் கொழுக்கத் தின்கிற காலமாக இருப்பதால், அண்ணையின் வாளிக்கு மதிப்புக் கூடும். அந்த மாதங்களில் சோளத்தை அஸ்திவாரமாக விரித்து, முள்ளில் ஒரு பதினைந்து மில்லிமீட்டர் பாய்லி தொங்கவிடுகிறேன், கவணுக்கென்று பக்கத்தில் அரைக் கிலோ. அரைக் கிலோவுக்கு அண்ணையிடம்தான் கையேந்துவேன். அவர் பதிலுக்கு என் புளித்த சோளத்தில் ஒரு கிண்ணம் எடுத்துக்கொள்வார். ஒரு பாய்லி நிறுவனத்தின் படம் போட்ட தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எடுப்பார்.

பிடிப்பது திரும்ப விடுவதற்குத்தான். நனைந்த பாயில் படுக்கவைத்து, முள்ளை எடுத்து, உதட்டுக் காயத்துக்கு மருந்து தொட்டு, எடை பார்த்து விடுகிறோம். இதை அம்மாவுக்குப் புரியவைக்கிற முயற்சியைக் கைவிட்டு மூன்று வருடம் ஆகிறது. "இருபது பவுண்டு மீனுக்குச் சோளம் வேகவச்சுப் போட்டு, அதையும் திருப்பி விட்டுட்டு வந்தியா?" என்பதோடு போன் முடியும்.

மேலே சொன்ன எதுவும் டிசம்பர், ஜனவரிக்குப் பொருந்தாது. தண்ணீர் பத்து டிகிரிக்குக் கீழே போனதும் கெண்டைக்குப் பசி சுருங்கிவிடும். அள்ளிக் கொட்டினால் சோளமானாலும் பாய்லியானாலும் அப்படியே கிடந்து அழுகும். மிதக்கிற மாதிரி செய்த பளிச்சென்ற ஒற்றை உருண்டை, இல்லாவிட்டால் ஒரு டப்பா வெள்ளைப் புழு. இரண்டு வாளியும் கொட்டகையில். நவம்பருக்கு மேல் அண்ணையும் வரமாட்டார், முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை.