ஆயில் பிரஷர் முள் விழுந்ததும் எஞ்சினை இறக்கச் சம்மதித்துவிடாதீர்கள்

மதுரைப் பக்கம் பழைய டீசல் ஜீப், வேன், டிராக்டர் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆயில் பிரஷர் மீட்டரில் முள் இறங்கியதைக் காட்டி, "பேரிங் தேஞ்சுபோச்சு, எஞ்சினை இறக்கணும்" என்று சொல்லி ஒரு பட்டறையில் எங்களிடம் 38,500 ரூபாய் வாங்கினார்கள். எஞ்சினை இறக்கவே இல்லை. பேரிங்கும் மாற்றவில்லை. உண்மையில் பழுது எஞ்சினிலேயே கிடையாது.

எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம் தோட்டம். பரவை மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுபோவது அப்பாவின் பழைய ஜீப்பில்தான். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது முள் நன்றாக நிற்கும். செக்கானூரணி தாண்டி எஞ்சின் சூடேறியதும் படபடவென்று ஆடி, சைபருக்குப் பக்கத்தில் விழுந்துவிடும். அப்பா அங்கேயே ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். ஆயில் அளவு சரியாக இருந்தது, கீழே எங்கும் ஒழுகல் இல்லை, அடியிலிருந்து தட்டுகிற சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் வண்டியை ஓட்டவில்லை, கட்டி இழுத்துத்தான் பட்டறைக்குக் கொண்டுபோனார். அவர் செய்ததுதான் சரி. பிரஷர் நிஜமாகவே இல்லாமல் போயிருந்தால், சில நிமிடம் ஓட்டினாலே எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு போய்விடும்.

பட்டறைக்காரர் ஸ்டார்ட் செய்து முள்ளை மட்டும் பார்த்தார். வேறு எதையும் தொடவில்லை. "அண்ணே, மெயின் பேரிங் போச்சு, ஆயில் பம்பும் சேத்து மாத்திரணும்" என்று சொல்லி 15,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார். வண்டி திரும்பி வந்தபோது முள் ஜம்மென்று நின்றது. கழற்றிய சாமான்களைக் கேட்டோம். "அதெல்லாம் பழைய இரும்புக்குப் போயிருச்சுண்ணே" என்றார்.

கொஞ்ச நாளில் முள் மறுபடியும் ஆட ஆரம்பித்தது. திரும்பப் போய்க் கேட்டால், புது பம்ப் செட் ஆகவில்லையாம், இன்னும் 12,000 ஆகுமாம். அப்போதுதான் திருமங்கலத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டினோம்.

அவர் சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாமலே முள் சைபரில் இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். அடுத்து, ஆயில் பிரஷரை அளந்து மீட்டருக்குச் சொல்லும் சென்சாரில் இருந்த வயரைக் கழற்றி எஞ்சின் பிளாக்கில் தொட்டார். முள் மேலே ஓடியது, எடுத்ததும் கீழே விழுந்தது. அப்படியென்றால் மீட்டரும் வயரும் நன்றாகத்தான் இருக்கின்றன. (சில வண்டிகளில் இது நேர் எதிராக இருக்கும், வயரை எடுத்தால்தான் முள் ஏறும். ரொம்ப நேரம் தொட்டுக்கொண்டும் இருக்கக் கூடாது.) அதன்பிறகு சென்சாரையே கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டினார். வயர் கிடையாது, கரண்ட் கிடையாது, ஆயிலே குழாய் வழியாக வந்து முள்ளைத் தள்ளும். குளிர்ந்த எஞ்சினில் 60 பவுண்டு (psi) காட்டியது. நன்றாகச் சூடான பிறகு ஸ்லோவில் 20, ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் 45. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.

கழற்றிய சென்சாரைக் கையில் கொடுத்தார். புத்தம் புதுசு. மரை முழுக்க வெள்ளை டெஃப்லான் டேப் தடிமனாகச் சுற்றியிருந்தது. இந்த மாதிரி சென்சாருக்கு உடம்புதான் எர்த், மரை பிளாக்கைத் தொட்டால்தான் சுற்று முழுமையாகும். டேப் நடுவில் நின்றால் எர்த் விட்டு விட்டுக் கிடைக்கும், முள் ஆடத்தான் செய்யும். பழைய சென்சார் செத்திருந்தது, பட்டறைக்காரர் சத்தமில்லாமல் அதை மட்டும் மாற்றியிருக்கிறார். சில நூறு ரூபாய் வேலை. டேப்பை உரித்து மரையைத் துடைத்து மாட்டியதோடு முள் அசையாமல் நின்றுவிட்டது.

அப்புறம் அவர் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தார். "தம்பி, இங்கிட்டு வந்து பாருப்பா. இந்த சம்ப்ப யாரும் கழட்டவே இல்ல." சம்ப் என்பது எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி. அதன் போல்ட்டுகளின் தலையில் பல வருஷத்து மண்ணும் பிசுக்கும் தார்போல இறுகிக் கிடந்தன. ஸ்பானர் பட்ட தடமே இல்லை. ஆயில் இறக்கும் போல்ட் மட்டும் பளபளவென்று இருந்தது. இந்த எஞ்சினில் சம்ப்பைக் கழற்றாமல் மெயின் பேரிங்கைத் தொடவே முடியாது.

பில்லைப் பார்த்தவர் இன்னொன்றையும் காட்டினார். பேரிங் செட் 0.50 என்று போட்டிருந்தது. அது அண்டர் சைஸ், அதாவது அரை மில்லிமீட்டர் தேய்த்துக் குறைத்த கிராங்குக்கான பேரிங். கிராங்கை லேத்தில் கொடுத்து அந்த அளவுக்குக் கிரைண்டிங் செய்தால்தான் அந்த பேரிங் உட்காரும். பில்லில் கிரைண்டிங் கூலி எங்குமே இல்லை. அதைப் பார்த்து அப்பா ஒன்றும் பேசாமல் நின்றது இன்னும் எனக்குத் தாங்கவில்லை. ஒரு போக மகசூலில் மிச்சம் பிடித்த காசு அது.

பிரஷர் உண்மையிலேயே குறையவும் செய்யும், அதை மறந்துவிடாதீர்கள். ஆயில் குறைவு, ஆயிலில் டீசல் கலப்பது, ஆயில் உறிஞ்சும் இடத்துச் சல்லடையான ஸ்டிரெய்னர் அடைப்பு, கூடுதல் பிரஷரை விடுவிக்கும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கிக்கொள்வது, கடைசியில் பம்ப், பேரிங் தேய்மானம் என்று காரணங்கள் பல. 1000 ஆர்பிஎம்முக்குச் சுமார் 10 பவுண்டு என்பது பொதுவான கணக்கு. சூடான எஞ்சினில் கேஜ் அதைவிடக் குறைவாகக் காட்டி, அடியில் தட்டும் சத்தமும் கேட்டால் எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டும். அதேபோல முள் எப்போதும் உச்சியிலேயே நின்றாலும் நல்ல அறிகுறி என்று நினைக்க வேண்டாம். ரிலீஃப் வால்வு மூடியபடி சிக்கியிருக்கலாம், சென்சாரும் போயிருக்கலாம். பெட்ரோல் அல்லது டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால், முதலில் எர்த்தையும் மீட்டருக்கு வரும் கரண்ட்டையும் பாருங்கள். தேய்மானத்தை மறைக்கக் கெட்டியான ஆயிலை ஊற்றி முள்ளைத் தூக்கி நிறுத்துபவர்களும் உண்டு. என்ன கிரேடு ஊற்றினார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

பிரிக்கச் சம்மதிப்பதற்கு முன்னால் மெக்கானிக்கல் கேஜை உங்கள் கண் முன்னால் மாட்டச் சொல்லுங்கள். மாட்ட மறுத்தால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சம்ப் கழற்றும்போது நேரில் நில்லுங்கள், பழைய பேரிங்கைக் கேட்டு வாங்குங்கள். அதன் முதுகில் சைஸ் அடித்திருக்கும்.

சம்ப் போல்ட், சென்சார், பில் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். பணம் திரும்பி வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. புகார் நடக்கும்வரை பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. சமீபத்தில் எங்கேயாவது எஞ்சின் வேலை பார்த்திருந்தால், உங்கள் பில்லை எடுத்து பேரிங் சைஸையும் கிரைண்டிங் கூலியையும் ஒருமுறை பாருங்கள். 0.25, 0.50 என்று இருந்து கிரைண்டிங் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.