பழைய லாரி: கம்மின்ஸா, ஹினோவா?

ராணிப்பேட்டையில் தோல் லோடு அடிக்கும் என் மச்சான் பழைய ஆறு சிலிண்டர் லாரி தேடுகிறார். கடைசியில் இரண்டு வண்டி நிற்கிறது: கம்மின்ஸ் என்ஜின் போட்ட டாடா, ஹினோ வழி என்ஜின் போட்ட லேலண்ட்.

பிறப்பு
கம்மின்ஸ்: அமெரிக்கக் கம்பெனியும் டாடாவும் 1993-ல் பாதிக்குப் பாதி பங்கு போட்டு, ஜாம்ஷெட்பூரில் ஆலை வைத்தார்கள்.
ஹினோ: 1980களில் ஜப்பான்காரர்களிடம் தொழில்நுட்பம் மட்டும் வாங்கி, லேலண்டே இங்கே செய்தது.

ரிப்பேர்
பெரிய வித்தியாசம் இங்கேதான். 5.9 லிட்டர் கம்மின்ஸில் லைனர் (பிஸ்டன் ஓடும் துளைக்குள் போடும், கழற்றி மாற்றக்கூடிய குழாய்) கிடையாது. பிஸ்டன் நேரடியாக என்ஜின் பிளாக்கிலேயே ஓடும். தேய்ந்தால் பிளாக்கை லேத்துக்குக் கொண்டுபோய் போரிங் போட்டு, அதாவது துளையைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்ட வேண்டும். ஹினோவில் லைனர் உண்டு, அதை மட்டும் மாற்றலாம். மச்சான் முன்பு வைத்திருந்த வண்டிக்குப் போரிங் சரியாக விழாமல், ஆம்பூர் தாண்டுவதற்குள் ஆயில் குடிக்க ஆரம்பித்தது. புகையைப் பார்த்துப் பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தே கொன்றான்!

உதிரி பாகம்
இரண்டுக்குமே வேலூரில் பஞ்சமில்லை.

இழுவை
கம்மின்ஸ்: முழு லோடு, ஏற்றம் என்றால் கை கொடுக்கும்.
ஹினோ: நிதானம், சத்தமும் குறைவு.

கிரானைட் ஏற்றுபவர் கம்மின்ஸ் எடுக்கட்டும், ஆனால் நல்ல லேத்காரர் தெரிந்திருக்க வேண்டும். தோல் லோடு வைத்துக்கொண்டு சென்னை, வாணியம்பாடி என்று ஓடும் மச்சானுக்கு லேலண்ட் போதும். அவர் கண் இன்னும் டாடா மேல்தான். சரி, வாங்கட்டும், டீசல் போடப் போவது நானில்லையே.