தயாரிப்பாளர் வீட்டு மூன்று பெண்கள்: ‘ஃபாதர் ஆஃப் மை சில்ட்ரன்’

தயாரிப்பு அலுவலகத்தில் கணக்கு பார்த்தவர்கள் இந்தப் படத்தின் முதல் பத்து நிமிடத்திலேயே நெளிய ஆரம்பித்துவிடுவார்கள். நான் நெளிந்தேன். படத் தயாரிப்பாளர் கிரெகுவார் பாரிஸ் தெருக்களில் நடக்கிறார், காரில் ஏறுகிறார், சிகரெட் பற்றவைக்கிறார். போன் மட்டும் காதை விட்டு இறங்கவே இல்லை. ஒரு ஸ்வீடன் இயக்குநர் பட்ஜெட்டைத் தாண்டி எங்கோ போய்விட்டார். கொரியாவிலிருந்து ஒரு குழு வருகிறது. பிலிமைக் கழுவிப் பிரதி எடுக்கும் லேபில் பாக்கி ஏறிக்கொண்டே இருக்கிறது. எல்லோரிடமும் ஒரே கனிவான குரலில் பேசுகிறார். கையில் பணமில்லாத தயாரிப்பாளருக்கு அந்தக் குரல்தான் முதலீடு. படம் இதை வசனமாகச் சொல்லவில்லை, நமக்கே புரிகிறது.

மியா ஹான்சன் லோவ் எழுதி இயக்கி 2009-ல் வந்த பிரெஞ்சுப் படம். கான் திரைப்பட விழாவின் ‘அன் சர்ட்டன் ரிகார்ட்’ பிரிவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. எகிப்தின் யூசுப் ஷஹீன், பாலஸ்தீனத்தின் எலியா சுலைமான் போன்ற இயக்குநர்களின் படங்களுக்குத் துணை நின்ற அம்பேர் பல்சான் என்ற தயாரிப்பாளர் 2005-ல் தற்கொலை செய்துகொண்டார். மியாவின் முதல் படத்தைத் தயாரிக்க இருந்தவரும் அவர்தான். அவரை மனதில் வைத்து எழுதிய பாத்திரம்தான் கிரெகுவார். அந்த நன்றிதான் இந்தப் படம் என்று நினைக்கிறேன்.

கதையின் முக்கியத் திருப்பத்தைச் சொல்லாமல் மேலே எழுத முடியாது. தெரிய வேண்டாம் என்பவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். ஏறக்குறைய பாதிப் படத்தில் கிரெகுவாரும் தன் உயிரை முடித்துக்கொள்கிறார். அதற்கு முன் அவர் அழுது புலம்பும் காட்சி இல்லை. வார இறுதியில் கிராமத்து வீட்டுக்குப் போகிறார், பிள்ளைகளுக்குப் பழைய தேவாலயம் ஒன்றைக் காட்டிக் கதை சொல்கிறார், குளிக்கிறார், சிரிக்கிறார். நடுவில் போன் வந்தால் ஒதுங்கிப் போகிறார். அவ்வளவுதான் தெரியும். வீட்டில் இருப்பவர்களுக்கும் அவ்வளவுதானே தெரிந்திருக்கும்?

அப்புறம் வருவதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது. மனைவி சில்வியா அலுவலகத்துக்குள் நுழைகிறார். அங்கே இருப்பது வெறும் கடன் கணக்கு இல்லை. பாதியில் நிற்கும் படங்கள், சம்பளத்துக்குக் காத்திருக்கும் ஆட்கள், அடுத்து என்ன என்று கேட்கும் இயக்குநர்கள். முடியாத படத்தை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள், முடிக்கவோ காசு இல்லை. கடன் கொடுத்தவனுக்குப் பொறுமை போய்விட்டது. இந்த முடிச்சை இத்தனை நேர்மையாகக் காட்டிய படம் நான் பார்த்ததில்லை. வக்கீல், வங்கி, லேப் யாரையும் கொடியவர்களாக்கவில்லை. அவரவர் பாக்கியை அவரவர் கேட்கிறார்கள். கணவர் மதித்த படங்களையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று சில்வியா அலைவதை கியாரா கசெல்லி குரல் உயர்த்தாமல் நடித்திருக்கிறார்.

மூத்த மகள் க்ளெமான்ஸாக நடித்த அலிஸ், கிரெகுவாராக நடித்த லூயி-தோ த லாங்கெசாங்கின் சொந்த மகள். அப்பா இருக்கும்போது அவரிடம் முகம் கொடுத்துப் பேசாத வயது. போன பிறகுதான் அவர் யார், எதற்காக இப்படி ஓடினார் என்று தேடிப் போகிறாள். சின்னவர்கள் இருவரும் அதற்குள்ளேயே விளையாடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். துக்க வீட்டில் குழந்தைகள் அப்படித்தான் இருக்கும். சினிமாதான் அவர்களை ஓயாமல் அழவிடும்.

குறை உண்டு. அப்பா கடைசியாகக் கை கொடுத்த இளம் எழுத்தாளருக்கும் க்ளெமான்ஸுக்கும் உண்டாகும் நட்பு அவசரமாக வந்து போகிறது. அப்பாவின் பழைய வாழ்க்கையைப் பற்றி அவள் அறிந்துகொள்ளும் விஷயமும் தனிப் படத்துக்கே போதும், இங்கே ஓரமாக நிற்கிறது. இரண்டில் ஒன்றை விட்டிருந்தால் சில்வியாவுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கிடைத்திருக்கும்.

110 நிமிடப் படம். முதல் பாதியில் ஆட்கள் ஒருவர் பேச்சுக்கு மேல் இன்னொருவர் பேசுவதால் சப்டைட்டிலை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது, அதனால் போனை ஓரமாக வைத்துவிட்டுப் பாருங்கள். சொந்தப் பணம் போட்டுப் படம் எடுக்கக் கிளம்பும் நண்பர்கள் தங்கள் வீட்டாரோடு உட்கார்ந்து பார்த்தால் நல்லது. வீட்டில் சமீபத்தில் இப்படி ஓர் இழப்பு நடந்திருந்தால் இப்போதைக்கு வேண்டாம்.