பௌர்ணமி கிரிவலமா, சாதாரண நாள் கிரிவலமா?

திருவண்ணாமலையில் பாதை ஒன்றுதான், 14 கிலோமீட்டர், இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை அஷ்ட லிங்கங்கள். ஆனால் பௌர்ணமி அன்று நடப்பதும் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி நடப்பதும் ஒன்றல்ல.

பௌர்ணமிக்கு வசதி அதிகம். சென்னையிலிருந்து சிறப்புப் பேருந்து கிடைக்கும், வழியெல்லாம் அன்னதானம், தனியாகப் போகிற பெண்களுக்கும் கூட்டமே துணை. ஆனால் அந்தக் கூட்டம்தான் சிக்கலும்! நிறைமாத கர்ப்பிணி போல மெதுவாக நடக்க வேண்டும் என்பார்கள் பெரியவர்கள், இங்கே பின்னால் வருபவர் தள்ளுகிற வேகத்தில்தான் நம் கால் போகிறது, முன்னால் ஒருவர் வீடியோ காலில் மலையை வீட்டுக்குக் காட்டிக்கொண்டே வருவார், இருபுறமும் கடைகளின் ஸ்பீக்கர்களில் ஆளுக்கொரு பாட்டு. குபேர லிங்கத்தில் வரிசையைப் பார்த்ததும் வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தேன்.

சாதாரண நாளில் லீவு கிடைப்பதுதான் பாடு. ராத்திரி 9 மணிக்கு மேல் கிளம்பினால் வெறுங்காலைத் தார் ரோடு சுடாது, நாலைந்து மணி நேரத்தில் முடித்துவிடலாம். அடி அண்ணாமலை தாண்டியதும் நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்கும், போனை அணைத்துப் பைக்குள் போட்டால் மலை மட்டும் கூடவே வரும். (நாய்களும் வரும், ஒரு பாக்கெட் பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள்.)

முதல் தடவை என்றால், அல்லது தனியாக நடக்கப் பயம் என்றால் பௌர்ணமிக்கே போங்கள். ஜபம் செய்துகொண்டே நடக்க ஆசைப்படுபவர்களுக்கு என் ஓட்டு செவ்வாய்க்கிழமைக்குத்தான்.