செல்ஃப் வாட்டரிங் தொட்டி: வாங்கிச் சில வருடம் கழித்து, ஒரு மஞ்சள் இலைப் புலம்பல்

விலை பாதிக்குப் பாதி இறங்கியிருக்கிறது, நாலு வாங்கிப் போடட்டுமா என்று நண்பர் கேட்டிருக்கிறார். அடியில் தண்ணீர், மேலே செடி, நடுவில் ஒரு திரி, பக்கத்தில் நீர்மட்டம் காட்டும் மிதவை. தொட்டியைப் பற்றி இவ்வளவு எல்லாருக்கும் தெரியும். நான் மஞ்சள் இலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம் பிடிக்கும். பீஸ் லில்லி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு நாள் தண்ணீர் தப்பினால் போதும், மொத்தமாகச் சரிந்து விழுந்து வருகிறவர்கள் முன்னால் மானத்தை வாங்கும். இந்தத் தொட்டிக்கு மாறிய பிறகு மே மாதத்தில்கூட அது தலை தொங்கியதில்லை. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்து, திரும்பி வரும்போது அவருக்குப் பலகாரம் வாங்கி வரும் வேலையும் மிச்சம்.

அப்புறம்தான் மணி பிளாண்டின் புது இலைகள் வெளுக்க ஆரம்பித்தன. யாரிடம் காட்டினாலும் ஒரே பதில்: "தண்ணி ஜாஸ்தி." தண்ணீர் அதிகமானால் வேருக்குக் காற்று போகாமல் அழுகும், அடி இலைகள்தான் முதலில் மஞ்சளாகித் தொளதொளவென்று தொங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் காயாமலே கிடக்கும்போது அதையும் பார்த்திருக்கிறேன். அதற்கு மருந்து எளிது: தேக்கத்தைக் காலி செய்து சில நாள் காயவிடுவது, அடுத்த முறை செம்மண்ணைக் குறைத்து நார்க்கழிவும், மண்ணைப் பொலபொலப்பாக்கும் வெள்ளைத் துகளான பெர்லைட்டும் கூட்டுவது. ஆனால் இங்கே அடி இலைகள் பச்சையாக இருந்தன. நுனியில் விரியும் இலை மட்டும் வெளிர் மஞ்சள், நரம்புகள் மட்டும் பச்சைக் கோடாக. அது இரும்புச்சத்துக் குறை. தழைச்சத்து குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும், அதனால் கிழவர்கள் முதலில் பழுப்பார்கள். இரும்பை அப்படி இடம் மாற்ற முடியாது, குழந்தைகள்தான் மாட்டும்.

மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. எங்கள் அடுக்ககத்து போர் தண்ணீர் வாளியிலேயே வெள்ளைக் கோடு போடும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் உப்பு வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை. நாங்கள் அந்த 500-ஐ எப்போதோ தாண்டிவிட்டோம். இந்தத் தண்ணீர் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுகிறது. கார மண்ணில் இரும்பு கரையாமல் அப்படியே உட்கார்ந்துவிடும், வேரால் எடுக்க முடியாது.

சாதாரணத் தொட்டியில் மேலே ஊற்றுகிறோம், ஓட்டை வழியாகக் கொஞ்சம் உப்பாவது கழுவிக்கொண்டு போகும். இதில் தண்ணீர் கீழிருந்து மேலே மட்டும்தான் ஏறுகிறது. தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு எங்கே போகும்? போன வாரம் உள்தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன். மண்ணின் மேல் வெள்ளைப் படலம், நகத்தால் நெம்பினால் ஓடு ஓடாகப் பெயர்ந்து வந்தது. திரி விறைத்து, வளைத்தால் நொறுங்கியது.

சரி செய்யும் வழி இதுதான். மேல் ஓட்டைச் சுரண்டி எறியுங்கள். உள்தொட்டியைக் குளியலறையில் வைத்து, தொட்டி கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு தண்ணீரை மெதுவாக மேலேயிருந்து ஊற்றி வடியவிடுங்கள். போர் தண்ணீர் என்றாலும் பரவாயில்லை, மண்ணில் சேர்ந்திருக்கும் உப்பை விட அதில் உப்பு குறைவு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது இதைச் செய்யுங்கள். தேக்கத்தில் நிரப்ப மழைத் தண்ணீர் அல்லது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் உத்தமம். ஆர்ஓ மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், அது உப்பைத் திரட்டிக் கொடுத்த தண்ணீர். உரக்கடையில் இரும்புச் சீலேட், அதாவது வேர் எடுக்கும்படி கரையும் வடிவில் இருக்கும் இரும்பு உரம், கேட்டால் பெரும்பாலும் இடிடிஏ வகையைத் தருவார்கள், அது கார மண்ணில் சீக்கிரம் சரணடைந்துவிடும். கரைத்தால் தண்ணீர் சிவக்கிற இடிடிஎச்ஏ வகைதான் மண்ணில் ஊற்ற ஏற்றது.

இவ்வளவும் செய்தேன், அடுத்து வந்த இலைகள் பச்சையாக வந்தன. என் கோபம் வேறு. வெளித்தொட்டியின் அடியில் ஒரு ஓட்டை போட்டு மூடி வைத்திருந்தால் உப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டுப் போகலாம். அதுகூட இல்லாத சாமானுக்கு அட்டைப்பெட்டியில் "பராமரிப்பே வேண்டாம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மிதவையும் உப்பு பிடித்து நடுவில் சிக்கிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் பாதி இருப்பதாகச் சாதிக்கிறது. போதாக்குறைக்கு, மிதவைத் துளை வழியாகக் கொசு உள்ளே போய் முட்டையிட்டிருக்கிறது. உள்தொட்டியைத் தூக்கியபோது புழுக்கள் நெளிந்தன. டெங்குக் கொசுவுக்கு இந்த மாதிரிச் சுத்தமான தேங்கு தண்ணீர்தான் வேண்டும்.

ஆக, நண்பரே, வாங்க வேண்டாம். போர் தண்ணீர் வீட்டில் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பி, செடி வாடாமல் நின்றதைப் பார்த்த அன்று கேட்டிருந்தால் வாங்கச் சொல்லியிருப்பேன். நான் எனக்கு இன்னும் ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன், பீஸ் லில்லி இரண்டாகப் பிரிக்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது.